செய்தியும் சொல்லும்

மக்கள் தம் கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்தும் கருவி மொழியாகும். கருவியின் நன்மையும் தீமையும் அதனைக் கையாள்வாரைப் பொறுத்தவை. கொல்லன் உலையில் உருகிய ஒரே இரும்பு உழவன் கையில் கொழுவாகின்றது. கொலைஞன் கையில் வாளாகின்றது. சொல்லும் அத்தகையதே. ஆயினும், வாளுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வாள் ஓங்கப்படுவதைக் கண் காணும். கண்டவன் விலகிக் கொள்வான். சொல்லோ, கேட்பவன் அறியாமலே அவன் உள்ளத்தில் புகுந்து அங்கேயே தங்கிவிடும். பின்னர், அது பிறர் தந்த சொல் என்பதையும் மறந்து, தன் சொந்தக் கருத்தென்றே அவன் அதனைப் போற்றத் தொடங்குவான்.

முற்காலத்தில் ஒருவன் சொல் ஒரு தெருவளவில் பரவும்; மிகுதியாயின் ஓர் ஊரளவில் பரவும். அச்சுப்பொறி தோன்றிய பின் அந்த எல்லை அகன்றது. செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. நள்ளிரவில் ஒருவர் எழுதும் தலைப்பைப் பொழுது புலர்வதற்குள் பல இலட்சம் மக்கள் படித்துவிடுகின்றனர். இவ்வளவு பெரிய ஆற்றல் வாய்ந்த சொல் நடுவுநிலைமை பிறழுமாயின், அதனால் விளையும் தீங்கும் பெரிதாகவே இருக்கும்.

அத்தீங்குகளுள் முதன்மையானது தப்பெண்ணம். ஒருவனோடு பழகி அவன் குணம் குற்றங்களை அறியுமுன்பே, அவன் பிறந்த குலத்தையோ, ஊரையோ, சமயத்தையோ, உடற்குறையையோ கொண்டு, 'இவன் இத்தகையவன்' என முடிவு கட்டுவதே தப்பெண்ணம் எனப்படும். பொய்ச் செய்தியால் மட்டுமே தப்பெண்ணம் பிறக்கும் எனப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. செய்தி முழுவதும் மெய்யாக இருக்க, அதனைச் சொல்லும் சொல் மட்டும் பொய் கூறுதலும் உண்டு. அவ்வகைப் பொய்யைக் கண்டறிதல் அரிது. ஆகவே, அது நிகழும் வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவது வழி, வேண்டாத அடைமொழி. பெயர்க்கு முன் அடை சேர்ப்பதைப் பற்றித் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். உலக வழக்கில் அடைமொழி தன் இனத்தைப் பிரித்துக் காட்டவே வரும் என்பது தொல்காப்பியர் கருத்து. 'செந்தாமரை' என்றால், வெண்டாமரையும் உலகில் உண்டு என்பதும், இது அதனின் வேறு என்பதும் விளங்கும். 'செஞ்ஞாயிறு' என்பதோ, கருஞாயிறு ஒன்று இல்லாமையால், இனத்தைச் சுட்டாத அடையாகும். அது செய்யுளுக்கே உரியது. மேலும், சொல்லாத பொருளையும் சொல் உணர்த்தும் என உரையாசிரியர்கள் காட்டுவர். மேலைச்சேரிக் கோழி வென்றது என்று ஒருவன் கூறினால், கீழைச்சேரிக் கோழி தோற்றது என்பதை அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுவதில்லை. கேட்போர் தாமே உணர்ந்துகொள்வர்.

இந்த இலக்கணத்தைச் செய்தித்தாளின் ஒரு பத்தியோடு பொருத்திப் பார்க்கலாம். 'மிதிவண்டி திருடிய இளைஞன் கைது செய்யப்பட்டான்' என்பது ஒரு செய்தி. இதனையே, இளைஞன் என்னும் சொல்லுக்கு முன் அவனுடைய சாதிப் பெயரையோ சமயப் பெயரையோ சேர்த்து எழுதினால் என்ன நிகழும்? சேர்த்த பெயர் மெய்யானதே. அவன் அக்குலத்தில் பிறந்தவனே. ஆயினும், அடைமொழி காரணமின்றி வாராது என்பது படிப்பவனின் மொழியுணர்ச்சி. எனவே, திருட்டுக்கும் அக்குலத்துக்கும் ஏதோ தொடர்பு இருத்தல் வேண்டும் என அவன் உள்ளம் தானே முடிவு செய்துகொள்ளும். எழுதியவர் அவ்வாறு எழுதவில்லை. எனினும் படித்தவர் அவ்வாறு படித்துவிடுகின்றார்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. எல்லாத் திருடர்க்கும் அடைமொழி தரப்படுவதில்லை. பெரும்பான்மையினரைச் சேர்ந்த ஒருவன் திருடினால், அவன் 'திருடன்' என்றே குறிக்கப்படுகின்றான். சிறுபான்மைக் குலத்தைச் சேர்ந்தவன் திருடினால் மட்டும் குலப்பெயர் தலைப்பில் ஏறுகின்றது. நாள்தோறும் படிப்பவன் நினைவில், பெயர் சுட்டப்பட்டவை நிற்கும், சுட்டப்படாதவை கரைந்துவிடும். ஓராண்டு கழிந்தபின், 'திருடுவோர் எல்லாரும் அவர்களே' என அவன் உறுதியாகக் கூறுவான். கணக்கெடுத்தவர் எவரும் இலர். சொல்லே ஒரு பொய்க்கணக்கை அவனுள் எழுதிவிட்டது.

அடைமொழி எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே சான்று உண்டு. ஆங்கில அரசு 1871ஆம் ஆண்டில் வட இந்தியாவில் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்ற ஒன்றை இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் ஒரு மனிதன் செய்யும் செயல். பரம்பரை என்பதோ பிறப்பினால் வருவது. இவ்விரண்டையும் ஒரு தொடராக்கியபோது, செயல் பிறப்பாயிற்று. எக்குற்றமும் செய்யாதவரும், அறிவிக்கப்பட்ட ஒரு குலத்திற் பிறந்தமையால் மட்டுமே, காவல்துறையின் ஏட்டில் பெயர் பதிந்து, கைரேகை வைத்து, தம் இருப்பை அவ்வப்போது காட்டவேண்டியவர் ஆயினர். மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்று வழங்கினர். இதனை எதிர்த்து நின்றபோது, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ஆண்களும் ஒரு பெண்ணுமாகப் பலர் காவலரின் குண்டுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலும், இந்தியா முழுவதிலும் 1952ஆம் ஆண்டிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. இன்று அச்சமுதாயத்தினர் 'சீர்மரபினர்' எனப்படுகின்றனர். ஒரு சட்டத்தை ஒரு நாளில் நீக்கிவிடலாம். அது பரப்பிய சொல்லை மக்கள் நாவினின்று நீக்கப் பல தலைமுறைகள் வேண்டும்.

இரண்டாவது வழி, பெயரிடுதல். ஒன்றற்கு ஒருமுறை இட்ட பெயர், தவறாயினும், எளிதில் மாறாது. 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒரு கொடிய சளிக்காய்ச்சல் பரவிப் பல கோடி மக்களை மாய்த்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நோய்க்கு 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று பெயர் வழங்கியது. நோய் ஸ்பெயின் நாட்டில் தோன்றியதாகக் கருதுவதற்குச் சான்று இல்லை. அந்நாளில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. போரிட்ட நாடுகள் தம் படைவீரர் ஊக்கம் குன்றுமென அஞ்சி, நோய்ச் செய்தியைச் செய்தித்தாள்களில் வெளியிடாமல் தடுத்தன. ஸ்பெயின் போரில் சேராத நாடு. ஆதலின், அந்நாட்டுச் செய்தித்தாள்கள் நோயைப் பற்றித் தடையின்றி எழுதின. தம் அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோ நோயுற்றதையும் எழுதின. உண்மையை மறைத்த நாடுகள் பழியினின்று தப்பின. உண்மையைச் சொன்ன நாடு நோயின் பெயரைத் தாங்கியது. ஸ்பெயின் மக்களோ அதனை இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரோடு சார்த்திப் பேசினர். இந்தியாவில், பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நோய் புகுந்தமையால், பலர் அதனைப் 'பம்பாய்க் காய்ச்சல்' என்றனர். ஒவ்வொருவரும் நோயை மற்றொருவர் வீட்டு வாயிலில் கொண்டுபோய் வைத்தனர் என்க.

பெயரினால் வரும் கேடு பழங்கதையன்று. 2009ஆம் ஆண்டில் பரவிய ஒரு புதிய காய்ச்சலைச் செய்தியாளர்கள் 'பன்றிக் காய்ச்சல்' என வழங்கினர். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய நோய். ஆயினும், பெயரைக் கேட்ட அச்சத்தால் எகிப்து அரசு தன் நாட்டிலிருந்த பன்றிகள் அனைத்தையும் கொல்ல ஆணையிட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் பன்றிகள் அந்நாட்டில் இருந்தன. அவற்றை வளர்த்து, கெய்ரோ நகரத்துக் குப்பையை அகற்றி வாழ்ந்த ஏழைச் சிறுபான்மையினர் தம் வாழ்வை இழந்தனர். இவை போன்ற அனுபவங்களால், 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நெறியை வகுத்தது. புதிய நோய்க்குப் பெயரிடும்போது ஊர்ப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும் என்பதே அந்நெறி. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் 'கோவிட்-19' என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது அதனை ஒட்டியே. எனினும், பலர் நாட்டுப்பெயரையும் நகர்ப்பெயரையும் சேர்த்தே அந்நோயைக் குறித்தனர். அதன் விளைவாக, இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பெருநகரங்களுக்குக் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் வந்திருந்த இளைஞர்கள், தம் முகத்தோற்றம் ஒன்றையே காரணமாகக் கொண்டு தெருவில் இழிவுபடுத்தப்பட்டனர். நோய்க்கு இட்ட பெயர் மனிதர் மேல் சென்று ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது வழி, உருவகம். உவமையும் உருவகமும் செய்யுட்கு அணிகலன்கள். முகத்தைத் திங்கள் என்பதால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால், மனிதனைப் புழு என்றும் பாம்பு என்றும் நாள்தோறும் கூறிவந்தால், கேட்போர் கை ஒருநாள் தானே தடியை எடுக்கும். பாம்பைக் கண்டால் அடிப்பது குற்றமென எவரும் கருதுவதில்லை அன்றோ?

ஆப்பிரிக்காவின் நடுவே 'ஆயிரங் குன்றுகளின் நாடு' எனப் புகழப்படும் ருவாண்டாவில் இதுவே நடந்தது. அந்நாட்டு மக்களுள் ஹூட்டு, துட்சி என்னும் இரு பெரும் பிரிவினர் உண்டு. இருவர்க்கும் மொழி ஒன்றே, அவர்கள் வழிபட்ட கோயில்களும் பொதுவே, ஒரே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர், மணவுறவும் கொண்டனர். 1930களில் பெல்ஜிய ஆட்சியாளர் ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் இனப்பெயரைப் பொறித்தபின், நெகிழ்ந்திருந்த பிரிவு இறுகியது. 1960களில் நாட்டைவிட்டு வெளியேறிய துட்சிகளுள் சிலர் படை திரட்டி இரவில் எல்லை கடந்து வந்து தாக்கினர். அவர்களுக்கு 'இன்யேன்சி' என்னும் பெயர் வழங்கியது. அதன் பொருள் கரப்பான்பூச்சி என்பது. அன்று அப்பெயர் ஒரு சிறு படையைக் குறித்தது. பிற்காலத்தில் 'காங்குரா' என்னும் இதழும், 1993ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய ஒரு தனியார் வானொலியும் அப்பெயரை அகல விரித்தன. படைவீரனைக் குறித்த சொல் ஆசிரியனையும், வணிகனையும், தொட்டிலிற் கிடந்த குழந்தையையும் குறிக்கலாயிற்று.

அந்த வானொலி கடுமொழி மட்டும் பேசியதன்று. இளைஞர் விரும்பும் பாட்டுகளையும் நகைச்சுவைப் பேச்சுகளையும் ஒலிபரப்பியது. மக்கள் சிரித்துக்கொண்டே கேட்டனர். சிரிப்பினூடே நஞ்சும் இறங்கியது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் குடியரசுத் தலைவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவு தொடங்கிய படுகொலை ஏறத்தாழ நூறு நாள் நீடித்தது. மாண்டோர் தொகை 8 இலட்சம் என்பது ஐக்கிய நாடுகள் அவை பெரிதும் குறிக்கும் மதிப்பு. அதற்கு மேலும் என்பர் ருவாண்டா அரசினர். அந்நாள்களில் வானொலி, கொல்லப்பட வேண்டியவர் பெயரையும் அவர் ஒளிந்திருக்கும் இடத்தையும் வாய்விட்டுக் கூறியது. அண்டை வீட்டார் அண்டை வீட்டாரை வெட்டினர். முன்னாள் வரை ஒருவர் வீட்டு நெருப்பை மற்றொருவர் வாங்கிச் சென்ற மக்கள் அவர்கள். பகைவனை முதலில் மனிதன் அல்லனாக்கியது சொல். வாள் பின்னர் வந்தது.

நான்காவது வழி, கொடியதை இனிய சொல்லால் மூடுதல். மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறுவது தமிழில் தகுதி வழக்கின்பாற்படும். இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பது கேட்போர் உள்ளம் நோகாமைப் பொருட்டு. அப்பண்பட்ட வழக்கையே தீயோர் தமக்குக் கருவியாக்கிக் கொள்வர். ருவாண்டாவில் கொலை செய்வதைக் 'கொலை' என்று எவரும் சொல்லவில்லை. 'வேலை' என்றே சொன்னர். காலையில் வாளொடு புறப்பட்டவன் வேலைக்குச் செல்வதாகவே எண்ணிக்கொண்டான். சொல் அவன் மனச்சான்றைத் தாலாட்டி உறங்க வைத்துவிட்டது.

தமிழ்ச் செய்திகளிலும் இக்குறை இல்லாமல் இல்லை. தன்னை மணக்க மறுத்த பெண்ணை ஒருவன் வெட்டிக் கொன்றால், அதற்கு 'ஒருதலைக் காதலால் விபரீதம்' எனத் தலைப்பிடும் வழக்கம் பல இதழ்களில் இருந்து வருகின்றது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று தமிழ்ச் சான்றோர் வகுத்தனர். அது தன்னுள்ளே சொல்லி இன்புறுவதும் ஏங்குவதுமாக நிற்பது. மறுத்தாளைக் கொல்லுதல் அதன் இலக்கணம் அன்று. காதல் என்னும் உயர்ந்த சொல்லைக் கொலையின் முன் நிறுத்துவதால், கொன்றவன் இரங்கத்தக்கவன் ஆகின்றான்; கொல்லப்பட்டவள் கல்நெஞ்சினள் ஆகின்றாள். 'இசையாதவள் செய்த பிழை' என்னும் தப்பெண்ணம் அவ்வாறே வேரூன்றுகின்றது. அங்ஙனமே, சாலையில் வண்டி மோதி இறந்தாரைப் 'பலி' என்று எழுதுவதும் ஆராய்தற்குரியது. பலி என்பது தெய்வத்துக்கு இடும் படையல். வண்டியை விரைந்து செலுத்தியவன் ஒருவன் இருக்க, இறந்தவரைப் படையலாகக் கூறினால், பிழை செய்தவன் மறைந்து விதி முன்வந்து நிற்கின்றது.

ஐந்தாவது வழி, எழுவாயை மறைத்தல். 'அடித்தான்' என்னும்போது அடித்தவன் யார் என்னும் வினா எழும். 'அடிபட்டான்' என்னும்போது அவ்வினா எழாது. 'மோதல்' என்னும் தொழிற்பெயரோ இரு பக்கமும் சமமாக நின்று பொருததாகக் காட்டும். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அக்காலத்துத் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அஞ்சிப் புகுந்திருந்த 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் தாழ்த்தப்பட்ட குலத்து உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். கூலியாக நெல் சற்று உயர்த்திக் கேட்டமையே அப்பூசலின் வேர். இத்தகைய நிகழ்ச்சியை 'இரு பிரிவினர் மோதல்' என எழுதுவோமாயின், தீயிட்டவனும் தீயில் வெந்தவனும் ஒரே தட்டில் வைக்கப்படுவர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். குலப்பெயரைச் சுட்டுதல் தீதென முன்னர்க் கூறப்பட்டது. இங்கோ அதனைச் சுட்டாமையும் தீதென்று கூறப்படுகின்றது. இவை முரணாகாவோ எனின், ஆகா. அடைமொழி பொருளை விளக்க வேண்டும் என்பதே இரண்டிடத்தும் உள்ள ஒரே விதி. மிதிவண்டித் திருட்டுக்கும் திருடனின் குலத்துக்கும் தொடர்பில்லை. ஆங்குக் குலப்பெயர் மிகை. குலத்தின் பொருட்டே ஒருவன் தாக்கப்பட்டானாயின், குலப்பெயரே செய்தியின் உயிர். அதனை ஒளித்தல் உண்மையை ஒளித்தலாகும். நல்ல சொல் என்பது மென்மையான சொல் அன்று. பொருளுக்குப் பொருந்திய சொல்.

இத்தீங்கைச் சட்டத்தால் தடுத்தல் இயலாதோ எனச் சிலர் வினவுவர். ஓரளவு இயலும். ஜெர்மனியில் 1923ஆம் ஆண்டு முதல் யூதர்மேல் காழ்ப்பை வளர்த்த ஓர் இதழை நடத்தியவர் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் என்பவர். அவர் தம் கையால் எவரையும் கொன்றிலர். ஆயினும், நூரெம்பர்க் நகரில் கூடிய பன்னாட்டு நீதிமன்றம் அவரது எழுத்தையே குற்றமெனக் கண்டு 1946ஆம் ஆண்டில் தூக்குத் தண்டனை விதித்தது. அதே மன்றம், அதே நாட்டில் வானொலி உரையாற்றி வந்த ஹான்ஸ் ஃபிரிட்சே என்பவரை, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என விடுவித்தது. ருவாண்டா வானொலியையும் இதழையும் நடத்திய மூவர் 2003ஆம் ஆண்டு டிசம்பரில் தண்டிக்கப்பட்டனர். 2007ஆம் ஆண்டு மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. சட்டத்தின் கை மெல்லச் செல்வது. கொலைக்கு வெளிப்படையாகத் தூண்டிய சொல்லையே அது பற்றும். நாள்தோறும் தூவப்படும் சிறு சொற்கள் அதன் விரலிடுக்கில் நழுவிவிடும். அதனைக் காரணமாகக் கொண்டு அரசினர் எல்லாச் சொல்லையும் அடக்க முற்படுவாராயின், அதுவும் கேடே. 1918ஆம் ஆண்டில் நோய்ச் செய்தியை அடக்கிய நாடுகளின் கதை மேலே கூறப்பட்டது. இந்தியாவில், செய்தித்தாள்களுக்கென அமைந்த பத்திரிகை மன்றம், ஒருவரைச் சாதிப் பெயரால் இழிவு தோன்றக் குறித்தலைத் தவிர்க்குமாறு நெறி வகுத்துள்ளது. நெறியை ஏட்டில் எழுதுதல் எளிது. நள்ளிரவில் தலைப்பு எழுதுபவர் நெஞ்சில் அது நிற்றல் வேண்டும்.

எனவே, இறுதிக் காவல் படிப்பவர் கையிலேயே உள்ளது. அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, விக்டர் கிளெம்பெரர் என்னும் ஜெர்மானிய மொழிப் பேராசிரியர். டிரெஸ்டன் நகரில் பணியாற்றிய அவர், யூதர் குலத்திற் பிறந்தமையால் 1935ஆம் ஆண்டில் வேலையினின்று நீக்கப்பட்டார். நூலகத்திற் புகவும் தடை விதிக்கப்பட்டது. நூல்களை இழந்த அப்புலவர், தம்மைச் சூழ்ந்து ஒலித்த சொற்களையே நூலாகக் கொண்டு ஆராயத் தொடங்கினார். செய்தித்தாளில், வானொலியில், கடைத்தெருவில் வழங்கிய சொற்களை நாள்தோறும் குறித்து வந்தார். அந்த ஏடுகள் அகப்பட்டிருந்தால் அவர் உயிர் தங்கியிராது. அவருடைய மனைவியார் அவற்றை எடுத்துச் சென்று நண்பர் இல்லத்தில் மறைத்து வைத்தார். 'வெறி' என்னும் பொருளுடைய பழிச்சொல், ஆட்சியாளர் வாயில் புகழ்ச்சொல்லாக மாறியதை அவர் குறித்தார். தப்பெண்ணத்துக்கு இரையான மக்களே அறியாமல் அச்சொற்களை வழங்கத் தொடங்கியதையும் கண்டு வருந்தினார். அத்தகைய சொல், அறியாமல் சிறிது சிறிதாக விழுங்கப்படும் நஞ்சு போன்றது என்பது அவர் கருத்து. அவ்வாராய்ச்சி 1947ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. இலக்கணக் கல்வி வெறும் தேர்வுக்குரியது எனக் கருதுவார்க்கு அவர் வாழ்க்கை தக்க விடையாகும்.

மாணவர்கள் செய்தி படிக்கும்போது சில வினாக்களை எழுப்பிப் பழகுதல் வேண்டும். இவ்வடைமொழியை நீக்கினால் செய்தியின் பொருள் குறைகின்றதா? ஒருவன் செய்தது ஓரினத்தின்மேல் ஏற்றப்பட்டதா? இவ்வினைக்கு எழுவாய் யாது? அவ்வெழுவாய் ஏன் மறைந்தது? மனிதனுக்கு மனிதனல்லாத பெயர் இடப்பட்டதா? இதே செய்கையைத் தம் குலத்தான் செய்திருப்பின், இதே சொல்லால் எழுதப்பட்டிருக்குமா? இவ்வினாக்களுக்கு விடை காணப் பெரும்புலமை வேண்டுவதில்லை. வகுப்பறையில் கற்ற பெயரும் வினையும் அடையும் எழுவாயுமே போதும்.

வினா எழுப்புவதோடு அமையாது, தம் நாவையும் காத்தல் வேண்டும். இக்காலத்தில் செய்தியைப் பரப்புவோர் இதழாசிரியர் மட்டும் அல்லர். கைப்பேசி உடையார் ஒவ்வொருவரும் ஒரு சிறு செய்தித்தாளை நடத்துகின்றனர் எனலாம். பிறர் அனுப்பிய சொல்லை ஆராயாமல் மற்றொருவர்க்கு அனுப்புதலும் விதைத்தலே ஆகும். ருவாண்டா நாட்டு வானொலியில் பேசியவர் சிலர். கேட்டு அதனைத் தெருவில் திரும்பச் சொன்னவர் பல்லாயிரவர். அப்பல்லாயிரவரும் ஒரு சொல்லை மட்டும் சொல்லாது நின்றிருப்பின், அண்டை வீட்டான் அவர்கள் கண்ணுக்கு இறுதிவரை மனிதனாகவே தோன்றியிருப்பான்.